சொல்லின் பிறப்பைச் சொல்லும் முன் அதன் பழைய வடிவத்தைத் தேடுங்கள்

நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் ஆகிய நான்கு திசைகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'நியூஸ்' என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். 'நியூ' என்றால் புதியது. அதன் பன்மைதான் 'நியூஸ்', அதாவது புதியவை. பிரெஞ்சு மொழியில் 'புதியவை' என்ற பொருளுள்ள பன்மைச் சொல் செய்தியைக் குறித்தது. அதைப் பார்த்து 14, 15ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தில் உருவான வழக்கு இது. பழைய ஏடுகளில் 'டபிள்யூ'வுக்குப் பின்னால் இன்னொரு 'இ' சேர்த்து ஐந்தெழுத்தாகவும் இந்தச் சொல் எழுதப்பட்டிருக்கிறது. நான்கு திசைக் கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது.

முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் உண்டாக்கும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. ரேடார், லேசர் எல்லாம் அப்படி வந்தவை. அதற்கு முந்தைய சொல் எதற்காவது யாராவது முதலெழுத்து விளக்கம் சொன்னால் உடனே சந்தேகப்படுங்கள். ஆடம்பரமான என்று பொருள்படும் 'போஷ்' என்ற சொல்லுக்கு இந்தியக் கப்பல் பயணத்தை வைத்து ஒரு கதை உண்டு. இந்தியாவுக்குப் போகும்போது கப்பலின் இடப்பக்க அறை, ஊர் திரும்பும்போது வலப்பக்க அறை, வெயில் படாத அந்த அறைகளுக்கான பயணச்சீட்டில் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்பதன் முதலெழுத்துகளான இந்த நான்கெழுத்து முத்திரை இருந்தது என்பார்கள். அப்படி முத்திரை குத்திய ஒரு சீட்டுகூட இதுவரை கிடைக்கவில்லை.

ஒரு சொல்லின் வரலாற்றைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது ஆண்டு. அந்தச் சொல் எழுத்தில் எப்போது முதன்முதலாகப் பதிவாகியிருக்கிறது? ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி இந்த ஒரு கேள்விக்காகவே கட்டப்பட்டது என்று சொல்லலாம். 1884இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928இல் முடிந்த அந்த அகராதி, ஒவ்வொரு பொருளுக்கும் கிடைத்தவற்றில் மிகப் பழைய மேற்கோளை ஆண்டோடு தருகிறது.

ஆண்டு எவ்வளவு பெரிய சாட்சி என்பதற்கு 'கறி'யைப் பாருங்கள். இங்கிலாந்தில் சுமார் 1390இல், இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையற்காரர்கள் தொகுத்த சமையல் குறிப்பு நூலுக்கு 'தி ஃபார்ம் ஆஃப் கியூரி' என்று பெயர். இந்தக் 'கியூரி' நம் கறிதான் என்று அடிக்கடி பகிர்கிறார்கள். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததே 1498இல். 'கியூரி' என்பது சமைத்தலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. சமையற்கலை என்று பொருள். நம் கறி, போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. ஒருவரைக் குளிர்வித்துத் தயவு பெறுவதைச் சொல்லும் 'கரி ஃபேவர்' என்ற தொடரில் இருப்பதும் நம் கறியல்ல. குதிரைக்கு உடம்பு தேய்த்துவிடுவதற்கு 'கரி' என்று ஒரு வினை உண்டு. பழைய பிரெஞ்சுக் கதையொன்றில் வரும் ஃபோவெல் என்ற குதிரையைத் தேய்த்துவிட்டு நல்ல பெயர் வாங்குவது 'கரி ஃபேவல்'. அந்தக் கதை மறந்துபோனதும் 'ஃபேவல்' இருந்த இடத்தில் 'ஃபேவர்' வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்தது, அகராதியில் ஒரே எழுத்துக்கூட்டலில் 1, 2 என்று எண்ணிட்டுத் தனித்தனிப் பதிவுகள் இருந்தால் இரண்டையும் படியுங்கள். 'கேஷ்' என்ற சொல்லில் நம்மவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஒரு 'கேஷ்' உண்மையிலேயே நம் காசு. கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் புழங்கிய சிறு நாணயம் அது: 80 காசு 1 பணம், 42 பணம் 1 வராகன். ஆனால் இன்று வங்கியில் சொல்கிற 'கேஷ்' வேறு. அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். பெட்டியின் பெயர் உள்ளேயிருந்த பணத்துக்கு ஆகிவந்தது. இரண்டும் ஒரே காலத்தையொட்டி ஆங்கிலத்துக்குள் வந்ததால்தான் இவ்வளவு குழப்பம். கட்டுமரம், மிளகுத்தண்ணி, சுருட்டு ஆகியவை ஆங்கிலத்துக்குப் போனதில் யாருக்கும் ஐயமில்லை. அந்த உண்மையான பட்டியலோடு பொய்களையும் கலந்தால் உண்மைக்குத்தான் மதிப்புக் குறையும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம்: இன்றைய ஒலியை வைத்து ஒப்பிடாதீர்கள், இரண்டு பக்கமும் பழைய வடிவத்துக்குப் போங்கள். ஆங்கில 'எய்ட்' நம் எட்டிலிருந்தும் 'ஒன்' நம் ஒன்றிலிருந்தும் வந்தவை என்பார்கள். 'எய்ட்', 'எட்டு' இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லில் இப்போது ஒலிக்காமல் கிடக்கும் 'ஜி', 'ஹெச்' இரண்டும் முன்பு தொண்டையிலிருந்து ஒலித்தவை. பழைய ஆங்கிலத்தில் 'எஅஹ்த', ஜெர்மனில் 'ஆக்ட்', லத்தீனில் 'ஆக்டோ'. அங்கே பின்னால் போகப் போகக் ககரம் வருகிறது. நம் எட்டில் பின்னால் போனால் எண்பது, எண்ணூறு. அடிச்சொல்லில் இருப்பது ணகரம். கன்னடத்தில் 'எண்டு'. பழமைக்குப் போகப் போக இரண்டும் விலகுகின்றன. உறவுள்ள சொற்களாக இருந்தால் நெருங்கியிருக்க வேண்டும். 'ஒன்' என்பதும் அப்படியே. அதன் பழைய வடிவம் 'ஆன்'. தொடக்கத்தில் வரும் வகர ஒலி பிற்காலத்தில் ஏறிக்கொண்டது. 'அலோன்', 'ஒன்லி' இரண்டிலும் அந்த வகரம் இல்லாததைக் கவனியுங்கள்.

இவ்வளவு கறாராக இருந்தால் சுவை போய்விடுமே என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்கள், அன்றாடச் சொற்களுக்குள்ளேயே புதைந்து கிடக்கின்றன. எந்தக் கட்டுக்கதையையும்விட அவை சுவையானவை.

உங்கள் பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் குடியரசுத் தலைவரின் பெயரால் எழுதப்பட்டிருப்பதைப் படியுங்கள். இதை வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' போகவிட வேண்டும் என்று இருக்கும். 'லெட்' என்றால் அனுமதி என்றுதானே படித்தோம்? இது வேறு 'லெட்'; தடை என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் அனுமதிப்பதற்கு 'லேட்டன்', தடுப்பதற்கு 'லெட்டன்' என இரண்டு வினைகள் இருந்தன. காலப்போக்கில் ஒலி ஒன்றாகி, ஒரே சொல் விடு என்றும் தடு என்றும் பொருள்பட்டது. அப்படி ஒரு நிலையை எந்த மொழியும் வெகுநாள் தாங்காது. தடுப்பது என்ற பொருள் மெல்ல மறைந்து, சட்டத் தொடரிலும் டென்னிஸ் ஆட்டத்தில் வலையில் உரசிப் போகும் சர்வீஸுக்குச் சொல்லும் 'லெட்'டிலும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஹாம்லெட் தன்னை 'லெட்' செய்பவனைப் பேயாக்கிவிடுவேன் என்று சொல்வதும் தடுப்பவனைத்தான். இது தெரியாமல் படித்தால் அந்தக் காட்சியே தலைகீழாகிவிடும்.

'டைம் அண்ட் டைட்' பழமொழியைக் காலமும் கடல் அலையும் காத்திருக்காது என்று மொழிபெயர்க்கிறோம். 'டைட்' என்ற சொல்லின் பழைய பொருள் காலம், பருவம். ஜெர்மனில் காலத்துக்கு இன்றும் 'ட்ஸைட்' என்பதுதான் சொல். மாலைப்பொழுதுக்கு 'ஈவன்டைட்' என்று ஆங்கிலக் கவிதையில் வருவது அதே 'டைட்'. கடலேற்றம் குறித்த காலத்தில் வருவதால் பெயர் அதற்கு நகர்ந்தது. 'டைடி' என்பதற்கும் முதலில் காலத்துக்கு ஏற்ற என்றே பொருள். சுத்தம் பின்னால் வந்தது.

'மீட்' என்றால் முன்பு எந்த உணவும்தான். 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளின் முதல் அதிகாரத்தில் கடவுள் மனிதனுக்கு விதை தரும் செடிகளையும் கனிகளையும் 'மீட்' ஆகக் கொடுக்கிறார். இனிப்புக் கடைப் பலகையில் 'ஸ்வீட்மீட்' என்று பார்த்துத் திகைக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். 'குவிக்' என்றால் உயிருள்ள. அதனால்தான் பாதரசம் 'குவிக்சில்வர்', உயிருள்ள வெள்ளி. நகத்துக்கு அடியிலுள்ள உணர்வுமிக்க சதைக்கும் அதே பெயர். நாம் சீவன் என்று வழங்கும் வடமொழி 'ஜீவ'வும் இதுவும் ஒரே வேரின் கிளைகள். மனிதனுக்கு 'வெர்' என்று ஒரு பழஞ்சொல் இருந்தது. 'வேர்உல்ஃப்' அதனால்தான் மனித ஓநாய். 'வேர்ல்டு' என்பதன் முதற்பாதியும் அதுவே: மனிதனின் காலம் என்பது உலகமாயிற்று. அந்த 'வெர்' வடமொழி வீரனுக்கு உறவு. மணமகனைக் குறிக்கும் 'பிரைட்குரூம்' என்பதில் இருப்பது குதிரைக்காரனான 'குரூம்' அல்ல. ஆண் என்று பொருள்படும் 'குமா' என்ற சொல் வழக்கொழிந்ததும், புரியாத அந்தப் பாதியைத் தெரிந்த 'குரூம்' கொண்டு நிரப்பிவிட்டார்கள்.

சேர்த்துப் பேசும்போது எல்லை மாறிப்போன சொற்களும் உண்டு. 'எ நேப்ரன்' என்பதைக் கேட்டவர்கள் 'ஆன் ஏப்ரன்' என்று பிரித்தார்கள். அதன் உறவுச் சொல்லான 'நாப்கின்' மட்டும் தன் நகரத்தைக் காப்பாற்றிக்கொண்டது. கிரிக்கெட்டின் 'அம்பயர்' முன்பு 'நூம்பெர்'; யாருக்கும் இணையில்லாத மூன்றாம் ஆள், அதாவது நடுவர். எதிர்த்திசையில், கூடுதல் பெயரான 'ஆன் ஈக்நேம்' என்பது 'எ நிக்நேம்' ஆனது. 'ஆரஞ்சு' இந்தப் பட்டியலில் சேராது. அது ஆங்கிலத்துக்கு வரும் முன்பே ஐரோப்பிய மொழிகளில் நகரத்தை இழந்துவிட்டது. ஸ்பானிய 'நரான்ஹா'வில் அது இன்னும் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. பழைய பொருள்தான் சரியான பொருள் என்று யாரையும் திருத்தப் போகாதீர்கள். 'நைஸ்' 1300 வாக்கில் அறிவில்லாதவனைக் குறித்தது. 'சில்லி'யின் மூலச்சொல்லுக்குப் பேறுபெற்ற என்று பொருள். இன்று அப்படிப் பேசினால் யாருக்கும் புரியாது. வரலாறு ஒரு சொல் வந்த வழியைச் சொல்லும். இன்றைய பொருளை இன்று பேசுகிறவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

'மூலம் தெரியவில்லை' என்று அகராதி சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். 'டாக்' என்ற எளிய சொல்லுக்கே அந்தக் குறிப்புத்தான் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் நாய்க்குப் பொதுப்பெயர் 'ஹுண்ட்'. ஜெர்மனில் இன்றும் அதுவே. எங்கிருந்தோ வந்த 'டோக்கா' மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்து, 'ஹவுண்டை' வேட்டைநாய் என்ற ஓரத்துக்குத் தள்ளிவிட்டது.