கதிரையைப் போடுங்கள், யோகாசனம் பிறகு நடக்கட்டும்

யாழ்ப்பாணத்து நிறுவனங்கள் சிலவற்றுக்கு ஊழியர் நலனில் திடீர் அக்கறை பிறந்திருக்கிறது. நல்ல விடயம்தான். ஆனால் அந்த அக்கறை எப்படி வெளிப்படுகிறது என்று பாருங்கள்: ஒரு பதாகை, ஒரு வளவாளர், ஒரு மணிநேர யோகாசனம், கடைசியில் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு படம். நண்பர் ஒருவர் கணக்காளராக இருக்கும் இடத்தில் இப்படியொரு 'ஊழியர் சுகநல நாள்' நடந்தது. இலவசமாக இரத்தத்தில் சீனி பார்த்தார்கள். அவருக்குச் சலரோகம் என்பது அவருக்கும் தெரியும், அலுவலகத்துக்கும் தெரியும். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று அறிவுரை சொல்லி அனுப்பினார்கள். நிகழ்ச்சி இழுபட்டதால் அன்றைக்கு மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. மற்ற நாட்களிலும் ஏறக்குறைய அதே மூன்று மணிதான். மாத முடிவென்றால் சில வேளை சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பும்.

ஊழியரின் சுகத்தை முதலாளி கெடுப்பதும் காப்பதும் அன்றாட ஒழுங்கில்தான் என்பது என் கட்சி. எத்தனை மணிக்கு வீட்டுக்கு விடுகிறார், எப்போது சாப்பிட விடுகிறார், காய்ச்சல் என்று தொலைபேசி எடுத்தால் என்ன குரலில் பதில் சொல்கிறார். இவற்றில் கைவைக்க மனமில்லாதவர் வளவாளருக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

கதிரையிலிருந்து தொடங்குவோம். நகரத்துப் புடவைக்கடைகள் பலவற்றில் விற்பனைக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு இருக்க இடம் கிடையாது. ஆள் வராத பதினொரு மணிக்கும் நிற்க வேண்டும். கொஞ்சம் கவனித்தால் தெரியும்: ஒரு காலில் பாரத்தைப் போட்டு மற்றக் காலின் செருப்பைக் கழற்றிவிட்டு, விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டு நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் கால் மாறும். மேலாளர் சாப்பிடப் போனால் சேலைக் கட்டின் விளிம்பில் பாதி இருப்பார்கள், படியில் சத்தம் கேட்டால் எழும்பும் வசதியோடு. இப்போது அதுவும் முடியாது, கமரா வந்துவிட்டது. முதலாளி இலண்டனில் இருப்பார். அங்கே விடிந்ததும் விடியாததுமாகக் கைத்தொலைபேசியில் கடையைப் பார்ப்பார். "அந்தப் பிள்ளை ஏன் இருக்கிறது?" என்று ஒரு அழைப்பு வரும். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்கிற கேள்வி அது.

நின்றால் சுறுசுறுப்பு, இருந்தால் சோம்பல் என்று யாரோ எங்கள் வியாபாரிகளுக்குச் சொல்லிவைத்துவிட்டார்கள். அதே கடையில் காசாளருக்குக் கதிரை உண்டு, அவரைச் சோம்பேறி என்று எவரும் சொல்வதில்லை. வருடக்கணக்காக நின்றவர்களின் கெண்டைக்காலில் நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டு கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். முழங்கால் நோவும் இடுப்பு நோவும் கூடவே வரும். முப்பத்தைந்து வயதில் வேலையை விட்டுவிட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். கடைக்கு வேறொரு பிள்ளை வரும்.

மலசலகூடத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். பேசத்தான் வேண்டும். பல இடங்களில் அது கடைத்தொகுதியின் பின்புறத்தில், நாலைந்து கடைகளுக்குப் பொதுவாக இருக்கும், பூட்டியிருக்கும். திறப்பு மேலாளரின் மேசையில். ஒவ்வொரு முறையும் ஓர் ஆணிடம் போய்த் திறப்பைக் கேட்பதைவிடத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது சுலபம் என்று இந்தப் பிள்ளைகள் முடிவெடுத்துவிடுகிறார்கள். சித்திரை வெயிலில், மின்விசிறி வெக்கையையே சுற்றிவிடுகிற கடைக்குள், காலையிலிருந்து பொழுதுபடும்வரை அரைப்போத்தல் தண்ணீர். பிறகு சலக்கடுப்பு, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று. மருந்துக்குப் போன நாளுக்குச் சம்பளத்தில் வெட்டு.

கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைத்தெருவில் வேலை செய்த பெண்கள் இதே பிரச்சினையில்தான் வீதிக்கு இறங்கினார்கள். கழிப்பறை கேட்டுத் தொடங்கிய போராட்டம் இருக்கைக்கு வந்தது. 2018 இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021 இல் தமிழ்நாடும், கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. கடலுக்கு அந்தப் பக்கம் சட்டமன்றம்வரை போன விடயத்தை இங்கே ஒரு முதலாளி நாளைக் காலை தளபாடக் கடைக்குப் போய் முடித்துவிடலாம்.

அடுத்தது நேரம். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டுவரை, ஒரு மணிநேரச் சாப்பாட்டு இடைவேளையைக் கழித்தால் நாளுக்குப் பத்து மணிநேரம். கிழமைக்கு ஆறு நாள் என்றால் அறுபது. இலங்கையின் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க, கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் வழமையான வேலைக்கு வைத்த எல்லை நாளுக்கு 8 மணிநேரம், கிழமைக்கு 45. அதற்கு மேல் என்றால் மேலதிக நேரக் கொடுப்பனவு, ஒன்றரை மடங்கு. ஏழு பதிற்றாண்டுகள் கடந்த சட்டம், இன்னும் எத்தனையோ கடைகளின் வாசற்படி ஏறவில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021 இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இது: கிழமைக்கு 55 மணிநேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவருக்கு, 35 முதல் 40 மணிநேரம் செய்கிறவரைவிடப் பாரிசவாதம் வரும் அபாயம் 35 வீதம் அதிகம், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 வீதம் அதிகம். அறுபது மணிநேரம் நிற்க வைத்துவிட்டு வருடத்துக்கு ஒருமுறை இரத்த அழுத்தம் பார்ப்பதில் என்ன பொருள் இருக்கிறது? இரத்த அழுத்தமும் சீனியும் அரச வைத்தியசாலையில் இலவசமாகவே பார்க்கிறார்கள். அங்கே போவதற்கு அரைநாள் லீவு கொடுத்தால் போதும்.

லீவும் அப்படித்தான். முதல் வருடம் கழிந்தால் வருடாந்த லீவு 14 நாள், சுகவீனத்துக்கும் சொந்த அலுவலுக்கும் 7 நாள். இது உரிமை. ஆனால் நியமனக் கடிதமே கையில் இல்லாத பிள்ளை எந்த உரிமையைக் கேட்கும்? சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று கேட்டதற்கே முகம் கறுத்த முதலாளிகளைக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

மனநலம் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. உளவளத்துணை, மன அழுத்த முகாமைத்துவம் என்று செயலமர்வுகளுக்கு இந்த ஊரில் குறைவில்லை. வாடிக்கையாளர் முன்னால் ஊழியரை ஏசாமல் இருக்க ஒரு மேலாளர் பழகிக்கொண்டால் அது பத்துச் செயலமர்வுக்குச் சமன். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் "நாளைக் காலை அறிக்கை வேண்டும்" என்று போடுவதை நிறுத்தினால் இன்னும் நல்லது. எங்கள் சொந்தக்காரர் பாதிப்பேர் வாழும் கனடாவின் ஒன்ராறியோவில், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிப்பது பற்றி எழுத்தில் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று 2022 இலேயே கட்டாயமாக்கிவிட்டார்கள்.

"சொல்வது சுலபம், வியாபாரம் படுத்துக் கிடக்கிறது, 2022 பொருளாதார நெருக்கடியில் விழுந்த அடியிலிருந்தே எழும்பவில்லை" என்று முதலாளிமார் சொல்வார்கள். பொய்யில்லை. மின்கட்டணமும் கடை வாடகையும் எனக்கும் தெரியும். ஆனால் அதே முதலாளிமார்தான் ஆள் கிடைக்கவில்லை என்றும் புலம்புகிறார்கள். 'வேலைக்கு ஆட்கள் தேவை' என்ற அட்டை சில கடைக் கண்ணாடிகளில் வெயிலில் வெளிறி, எழுத்து அழிந்து, இன்னும் தொங்குகிறது. பழக்கிய ஆள் போனால் புதிய ஆளுக்குத் துணியின் தரமும் விலையும் வாடிக்கையாளரின் முகமும் பழகுவதற்குள் எவ்வளவு வியாபாரம் போகிறது என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா? கோண்டாவில் பக்கத்தில் எனக்குத் தெரிந்த சின்ன அச்சகக்காரர் ஒருவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. பின் அறையில் காகிதக் கட்டுகளை ஒதுக்கி ஒரு மேசை போட்டார். பன்னிரண்டரைக்கு ஒரு பகுதி, ஒரு மணிக்கு மறு பகுதி என்று சாப்பிட அனுப்புகிறார். அந்த நேரத்தில் இயந்திரம் நின்றாலும் கூப்பிட மாட்டார். அவரிடம் ஆட்தேவை அட்டை இல்லை.

நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் தீபாவளிக்கும் கடைகள் நீண்ட நேரம் திறந்திருப்பதை நான் குறை சொல்லவில்லை, அந்த நாட்களில்தான் அவர்களுக்கு நாலு காசு. ஆட்களை இரண்டு முறைக்குப் பிரித்துப் போடலாம். இரவில் பருத்தித்துறைக்கும் தீவுப்பகுதிக்கும் போகிற பிள்ளைகளுக்குக் கடைசி பஸ்சைக் கணக்கில் வைத்து விடலாம், தவறினால் ஒரு ஓட்டோவுக்குக் காசு கொடுக்கலாம்.

வாங்குகிற எங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. எட்டு மணிக்குப் பூட்டும் கடைக்குள் ஏழு ஐம்பதுக்கு ஏறி, முப்பது சேலையை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பிறகு வருகிறோம்" என்று இறங்கிவிடுகிறோம். விரித்தவற்றை அந்தப் பிள்ளைகள் மடித்து அடுக்கி முடிக்கும்போது பஸ் போயிருக்கும். சேலை நாளைக் காலையும் அங்கேதான் இருக்கும். ஒன்பது மணிக்குப் போங்கள்.