டவ் ஜோன்ஸ் பயிற்சி பற்றி ஒரு திருத்தம்

"டவ் ஜோன்ஸ் நியூஸ் ஃபண்டின் வணிகச் செய்திப் பயிற்சி பொருளாதார மாணவர்களுக்கு மட்டும்தான், அதுவும் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் சம்பளமில்லாத வேலை" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்றுமே தவறு. மாணவர்களுக்கு இதழியல் பயிற்சி தரும் அமெரிக்க அமைப்பு இது; வால் ஸ்ட்ரீட் ஜர்னல் என்ற வணிக நாளிதழின் தலைமைப் பொறுப்பிலிருந்த பார்னி கில்கோர் 1958-இல் தொடங்கிவைத்தது. டவ் ஜோன்ஸ்தான் அந்த நாளிதழை வெளியிடும் நிறுவனம் என்பதால், பெயரைப் பார்த்து வந்த குழப்பம் போலிருக்கிறது, சரி. ஆனால் தேர்வாகும் மாணவர்கள் அமெரிக்காவின் வெவ்வேறு செய்தி நிறுவனங்களுக்குப் போகிறார்கள், சம்பளத்தோடு. எந்தத் துறை மாணவரும் விண்ணப்பிக்கலாம். அப்புறம், வேலையில் சேருமுன் அவர்களுக்குத் தனியாக வகுப்பும் நடக்கிறது. நிறுவனங்களின் நிதிநிலை அறிக்கையைப் படிக்கத் தெரியாமல் வணிகச் செய்தி எழுத முடியாது; அதை அந்த வகுப்பில் கற்றுத்தருகிறார்கள். வருவாய் ஏறியும் லாபம் இறங்கியது ஏன் என்று கேட்டால் பொருளாதாரப் பட்டதாரிகளே சிலர் திணறுவார்கள். ஆகவே இதழியல், இலக்கியம் படிப்பவர்களும் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.