வர்ஜீனியாவின் கோப்பை யாரும் போட்ட பிச்சை அல்ல

நேற்றைய பதிவையும் அதன் கீழே குவிந்த சிரிப்புக் குறிகளையும் நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். 2019-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி வென்ற என்சிஏஏ கோப்பை, அதாவது அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கான தேசியக் கோப்பை, 'நடுவர்கள் கொடுத்த கோப்பை' என்று நண்பர் எழுதியிருந்தார். அந்தக் கோப்பையை அந்த அணி விளையாடி வென்றது. இதை எத்தனை முறை கேட்டாலும் அத்தனை முறையும் சொல்வேன்.

முதலில் அந்த 'டபுள் ட்ரிபிள்' (double dribble), அதாவது பந்தைத் தட்டுவதை நிறுத்திப் பிடித்துவிட்டு மறுபடியும் தட்டும் விதிமீறல். அரையிறுதியில் ஆபர்ன் அணிக்கு எதிராகக் கடைசி நொடிகளில் எங்கள் டை ஜெரோம் பந்தைத் தன் காலிலேயே தட்டவிட்டு, இரு கைகளாலும் பிடித்து, மறுபடியும் தட்டிக்கொண்டு போனார். நடுவர் அதை ஊதியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதே காணொளியில் ஆபர்ன் வீரர் அவருடைய சட்டையைப் பிடித்து இழுப்பதும் தெரிகிறதே, அதை யாரும் ஏன் பேசுவதில்லை? அடுத்து, மூன்று புள்ளிக்கு எறிந்துகொண்டிருந்த எங்கள் வீரர் கைல் கை (Kyle Guy) மீது ஆபர்ன் தடுப்பாளர் மோதியதும் விதிப்படி ஃபவுல்தான். அப்போது மீதமிருந்தது 0.6 நொடி, அணி இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிறைந்த மினியாபொலிஸ் அரங்கில் அந்த இளைஞன் தனியாக நின்று மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் (ஃபவுலுக்கு ஈடாக யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு) போட்டான். மூன்றாவதற்கு முன்பு, அவன் மனத்தைக் குலைப்பதற்காகவே ஆபர்ன் டைம் அவுட் கேட்டது. 63–62. நடுவர் விசில்தான் ஊதினார். பந்தைக் கூடையில் போட்டவர் அவர் அல்லர்.

அதற்கு முந்தைய பர்டியூ ஆட்டத்தையும் 'அதிர்ஷ்டம்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். ஜெரோம் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட, மமாடி டியாகிடே தட்டிவிட்ட பந்து மைதானத்தின் மறுபாதிக்கே ஓடியது. அதைத் துரத்திப் பிடித்த கிஹே கிளார்க், முதலாண்டு மாணவர், பதற்றத்தில் அங்கிருந்தே கூடையை நோக்கி எறியாமல் டியாகிடேவுக்கு நீண்ட பாஸ் கொடுத்தார். மணி ஒலிப்பதற்குள் டியாகிடே எறிந்த பந்து உள்ளே விழுந்து ஆட்டத்தைச் சமன் செய்தது. ஐந்து நொடிகளுக்குள் அப்படி நிதானமாக முடிவெடுக்க அதிர்ஷ்டம் கற்றுக்கொடுக்காது. இறுதி ஆட்டத்தில் டெக்சாஸ் டெக் மூன்று புள்ளி முன்னால் இருந்தபோது, பன்னிரண்டு நொடிகள் மிச்சமிருக்க, டிஆண்ட்ரே ஹண்டர் மூலையிலிருந்து மூன்று புள்ளி போட்டார். மொத்தம் 27 புள்ளிகள். கூடுதல் நேரத்தில் அணி எறிந்த 12 ஃப்ரீ த்ரோக்களும் விழுந்தன. 85–77. இதில் எந்த நடுவரைக் குறை சொல்வீர்கள்?

"ஆனாலும் மந்தமான, அலுப்பூட்டும் ஆட்டம்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அப்போதைய பயிற்சியாளர் டோனி பென்னட் தன் தந்தை டிக் பென்னட்டிடமிருந்து கற்ற 'பேக் லைன்' தடுப்பில், ஒருவர் பந்து வைத்திருப்பவரை நெருக்க, மற்ற நால்வரும் உள்ளே திரண்டு கூடைக்குச் செல்லும் வழியை அடைப்பார்கள். ஒருவர் அரை நொடி தாமதித்தாலும் அது உடைந்துவிடும். ஐந்து பேரும் ஒரே மனதாக நகர்வதைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது அலுப்பதில்லை. பிடிக்கவில்லை என்றால் பார்க்காமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. பிடிக்காததாலேயே அதைத் தகுதியில்லாத வெற்றி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று கேட்பவர்களுக்கு 2018-ஐ நினைவூட்ட வேண்டும். மார்ச் 16 அன்று, தன் பிரிவில் முதல் தரவரிசை பெற்ற வர்ஜீனியா, அதே பிரிவில் கடைசியான பதினாறாம் தரவரிசை பெற்ற யுஎம்பிசி அணியிடம் 54–74 என்று தோற்றது. ஆண்கள் போட்டியில் அதுவரை அத்தகைய 135 ஆட்டங்களில் ஒருமுறைகூட நடக்காதது அது. ஹண்டர் மணிக்கட்டு முறிந்து ஆடவில்லை என்று சொன்னால், சாக்கு என்றார்கள். மறுநாள் நான் வேலைக்குப் போனபோது, என் இடத்துக்கு எதிரே இருந்த வெள்ளைப்பலகையில் 74–54 என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். நான் அதை அழிக்கவில்லை. தோல்வி தோல்விதான் என்று ஏற்றுக்கொண்டேன். அன்று யாரும் நடுவரைக் குறை சொல்லவில்லை, யுஎம்பிசிக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லவில்லை. அவர்கள் நன்றாக ஆடினார்கள், வென்றார்கள், அவ்வளவுதான். அதே நியாயம் ஓராண்டு கழித்து எங்களுக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

அந்தத் தோல்வியைச் சுமந்த பையன்களில் கைல் கையும் ஜெரோமும் டியாகிடேவும் மறுபடியும் களத்துக்கு வந்தார்கள். 2019-இல் முதல் சுற்றிலேயே கார்ட்னர்-வெப் அணியிடம் 14 புள்ளிகள் பின்தங்கியபோது நாடே சிரிக்கத் தயாராக இருந்தது. அவர்கள் அந்த ஆட்டத்தை 71–56 என்று முடித்தார்கள். அந்தப் பருவத்தை 35 வெற்றி, 3 தோல்வி என்று முடித்தார்கள். தோல்வியை அவர்கள் பெயரில் எழுதியவர்கள் வெற்றியையும் அவர்கள் பெயரிலேயே எழுதட்டும். நண்பர் அந்தப் பதிவை நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தை மட்டுமாவது முழுதாகப் பார்த்துவிட்டு, பிறகு என்னோடு பேசட்டும்.