பூனைதானே, அது பாட்டுக்கு இருக்குமாம்!

"நாய் வளர்த்தால்தான் வேலை. பூனைதானே, அது பாட்டுக்கு இருக்கும்" என்று என்னிடம் சொன்ன அத்தனை பேரும் ஒரே ஒரு வாரம் என் வீட்டில் வந்து தங்குங்கள். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு நான் எங்காவது போய்ப் படுத்துத் தூங்குகிறேன்.

என்னிடம் இருப்பது நாலு பூனை. ஒன்று அது பாட்டுக்கு இருக்கலாம். நாலு பாட்டு ஒரே நேரத்தில் ஓடினால் அதற்குப் பெயர் இரைச்சல்.

சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். செவலைக்குப் போன வருடம் சிறுநீர் அடைத்துக்கொண்டது. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகல். முழுதாக அடைத்தால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். மணல் தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தான். நான் மலச்சிக்கல் என்று நினைத்து அரை நாளை வீணாக்கினேன். (இன்றும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.) எப்படியோ பிழைத்துவிட்டான். அன்றிலிருந்து அவனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தனித் தீனி. அதை அவன் மோந்துகூடப் பார்க்க மாட்டான். கறுப்பி ரசித்துத் தின்பாள். கறுப்பியின் தீனியைச் செவலை தின்பான். பெரியவளுக்கு 14 வயது, பல் பாதி இல்லை. அவள் இரண்டு வாய் வைப்பதற்குள் தட்டு காலி. ஆக, தினமும் காலையில் மூன்று அறை, மூன்று மூடிய கதவு, நடுவில் காவல்காரனாக நான். நாலாவது ஆள் பஞ்சு மட்டும் ஃபிரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். அங்கே தட்டை வைக்க எனக்கு ஸ்டூல் வேண்டும். அது பாட்டுக்கு இருக்குமாம்!

பஞ்சு வெள்ளை. இரண்டு கண்ணும் நீலம். அப்படிப்பட்ட பூனைகளில் நிறைய பிறவியிலேயே காது கேட்காதவை, இவளும் அதில் ஒருத்தி. தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அவளுக்கே தெரியாது. விடியற்காலை நாலு மணிக்கு ஒரு கத்தல் கத்துவாள் பாருங்கள், யாரையோ கொலை செய்வதுபோல் இருக்கும். பூனைகள் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருக்கும் பிராணிகள், எனக்கும் தெரியும். சரி, இரு. அதற்கு என் தலைமாட்டிலா? திட்டினாலும் கேட்க மாட்டாள். நிஜமாகவே கேட்காது.

மணல் தட்டு விவகாரம்தான் என்னை உண்மையில் பைத்தியமாக்கியது. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூட வேண்டும் என்றார்கள். ஐந்து வாங்கினேன். ஐந்தையும் ஒரே அறையில் வரிசையாக வைத்தேன். அதற்குப் பிறகும் பெரியவள் கால்மிதியில்தான் போனாள். வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று இரண்டு மாதம் அவளைக் குறை சொன்னேன். கடைசியில் ஒருநாள் தரையோடு தரையாக உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கறுப்பி அந்த அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அடிக்கவில்லை, சீறவில்லை, சும்மா உட்கார்ந்து முறைக்கிறாள். அவ்வளவுதான். பெரியவள் அரை வழியில் திரும்பிவிடுகிறாள். ஒரே அறையில் ஐந்து தட்டு வைத்தால் பூனைக் கணக்கில் அது ஒரே தட்டு என்று எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? இப்போது வீட்டின் ஐந்து மூலையிலும் மணல். ஆமாம், என் வீட்டுக்கு ஐந்து மூலை. நடந்தால் காலில் நறநற.

இதெல்லாம் போகட்டும். போன வாரம் நடந்ததைக் கேளுங்கள். பெரியவளை இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். திரும்பி வந்து நடுக்கூடத்தில் கூடையைத் திறந்தேன். செவலை ஆறு வருடமாக அவள் முதுகில் தலை வைத்துத் தூங்குகிறவன். அவளை மோந்து பார்த்தான், ரோமம் சிலிர்த்து, வால் புடைத்து, பாய்ந்துவிட்டான். பூனைக்கு ஆள் அடையாளம் முகத்தைவிட வாசனையில்தான் அதிகம். மருந்து நெடியோடு வந்தவள் அவனுக்கு யாரோ ஒரு அந்நியள். வாடை போகும்வரை அவளைத் தனியறையில் வைத்திருக்க வேண்டும். தெரியும். களைப்பில் மறந்துவிட்டேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம், விலக்கிவிடக் கையை நடுவில் நீட்டினேன்.

பூனைக்கடி வெளியே பார்த்தால் ஊசி குத்திய மாதிரிதான் இருக்கும். பல் ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே வைத்துவிட்டு வந்துவிடும். மறுநாள் கை பன் மாதிரி வீங்கிவிட்டது. டாக்டர் எத்தனை பூனை என்று கேட்டார். நாலு என்றேன். ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் ஊசி போட்டார்.

மூன்று நாள் வீட்டுக்குள் எல்லைக்கோடு. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் மூன்று பேர், ஒரே துண்டால் எல்லார் முதுகையும் மாறி மாறித் துடைத்து வாசனையைக் கலக்கிக்கொண்டு நான். அதுவும் ஒற்றைக் கையால். நாலாம் நாள் காலையில் பார்த்தால் செவலை அவள் முதுகில் தலை வைத்துக் குறட்டை விடுகிறான். எதுவுமே நடக்காத மாதிரி. என் கையில் இன்னும் கட்டு இருக்கிறது.

வரும் புதன்கிழமை கறுப்பிக்குத் தடுப்பூசி.