வாட்ஸ் கூடினால் நிழல் மென்மையாகாது

"300 வாட்ஸுக்குக் குறைந்த லைட் என்றால் முகத்தில் நிழல் கடுமையாக விழும்" என்று கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் போட்டோ பழகுகிறவர்களிடையே ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. வாட்ஸ் சொல்வது மின்செலவை. நிழலின் மென்மையைத் தீர்மானிப்பது ஒளி வரும் பரப்பின் அளவும் தூரமும்தான்.

சின்ன ஸ்பீட்லைட்டை (கேமரா மேல் மாட்டும் ஃபிளாஷ்) வெள்ளைக் குடையில் அடித்து, ஆளுக்கு அருகே நகர்த்துங்கள். மூக்கு நிழலின் விளிம்பு கரைந்துவிடும். சுவாமிமலை வெண்கலச் சிலைகளைப் படமெடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: பளபளக்கும் உலோகத்தில் லைட்டின் உருவமே தெரியும். வெறும் பல்பு, எத்தனை வாட்ஸானாலும், வெள்ளைப் புள்ளியாகக் குத்தும். லைட்டுக்கும் சிலைக்கும் நடுவே வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினால் (லைட்டில் படாமல், சூடேறும்) தோளிலும் மார்பிலும் ஒளி பரவி நிற்கும்.

தயவுசெய்து கடன் வாங்கிப் பெரிய லைட் எடுக்காதீர்கள். முதல் காசு உறுதியான ஸ்டாண்டுக்கும் குடைக்கும் போகட்டும்.