மகள்களுக்கு 18 வயதோடு முடிவதில்லை

பிள்ளைக்கு 18 வயது ஆனதும் பெற்றோரின் பணப் பொறுப்பு சட்டப்படி தீர்ந்துவிடும் என்கிறது நீங்கள் வெளியிட்ட கட்டுரை. மகன்களுக்குப் பெரும்பாலும் சரி. ஆனால் 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, சொந்த வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியாத திருமணமாகாத மகள் 18 தாண்டிய பிறகும் ஜீவனாம்சம் கேட்கலாம். 2020-இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொன்னது. உடல், மனக் குறைபாட்டால் சம்பாதிக்க முடியாத மகனுக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வழி இருந்தது; 2024-இல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அது இருக்கிறது.

எங்கள் தெருவில் பெற்றோர் பிரிந்ததும் ஒரு பெண் இரண்டாம் ஆண்டோடு கல்லூரியை விட்டாள். வயது வந்துவிட்டது, இனி அப்பாவிடம் எதுவும் கேட்க முடியாது என்று யாரோ சொன்னதை அம்மாவும் நம்பிவிட்டார். குடும்ப நீதிமன்றத்தில் மனு போடலாம் என்று அன்றைக்கு ஒருவராவது சொல்லியிருக்கலாம். தயவுசெய்து கட்டுரையில் இதையும் சேருங்கள்.