அந்தக் கருவியைப் பூட்டி வைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மயக்கவியல் மருத்துவர்கள் கூட்டத்தில் நடந்ததை நான் திரும்ப விவரிக்கப் போவதில்லை. அதன் வீடியோ எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. முதுநிலை முதலாண்டு படிக்கும் ஒரு பெண் எழுந்து, மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவது பற்றி, "முதல் முயற்சியையே வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் செய்யலாமா சார்?" என்று கேட்டாள். "சினிமா பார்க்கவா மயக்கவியல் படிக்க வந்தே?" என்று மேடையிலிருந்த என் பழைய ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. அரங்கமே சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாக அந்தச் சிரிப்புதான் என் காதில் கேட்கிறது.

மருத்துவர் அல்லாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மயக்க மருந்தோடு தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்ததும் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். மூச்சுக்குழாய்க்குள் டியூப் போய்ச் சேரும்வரை அவருக்குள் இருக்கும் ஆக்சிஜன்தான் அவருக்குக் கையிருப்பு. 1943-ல் மெக்கின்டாஷ் கொண்டுவந்த வளைந்த பிளேடால் நாக்கை ஒதுக்கி, தாடையைத் தூக்கி, குரல்நாண்களை நேராகக் கண்ணால் பார்த்து டியூபைச் செலுத்துவது பழைய முறை. வீடியோ லாரிங்கோஸ்கோப் என்ற கருவியில் பிளேடின் நுனிப் பக்கமே கேமரா இருக்கிறது. நம் கண் எட்டாத வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பதைத் திரையில் காட்டிவிடும்.

நான் சொல்வது ஒன்றுதான். முதல் முயற்சியே வீடியோவில் நடக்கட்டும். இரண்டு தடவை தோற்று, தொண்டை வீங்கி, ரத்தம் கசிந்த பிறகு அதைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள்.

இது என் சொந்த ஆசை இல்லை. 2024-ல் ஜாமா மருத்துவ இதழில் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வு வந்தது. 7,736 நோயாளிகள், 8,429 அறுவை சிகிச்சைகள். ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சி தேவைப்பட்டது நேரடி முறையில் 7.6 சதவீத சிகிச்சைகளில், வீடியோவில் 1.7 சதவீத சிகிச்சைகளில். அதற்கு முன்பே, 2022-ல் 222 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வும், டியூப் போட முடியாமல் போவது வீடியோவில் குறைகிறது என்றுதான் சொன்னது.

"அமெரிக்காவில் செய்ததை இங்கே ஏன் கொண்டுவருகிறீர்கள்?" என்பார்கள். சரி, நம்ம ஊரைப் பற்றியே பேசுவோம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. மாஸ்க் வைத்து நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்தாலும், கோயம்புத்தூரில் அதே நுரையீரலில் சேருவதைவிட இங்கே குறைவாகத்தான் சேரும். அதாவது மூச்சு நின்ற பிறகு நமக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. ஏதாவது ஆகி, கீழே பெரிய ஐசியு-வுக்கு அனுப்ப வேண்டுமென்றால் குன்னூர் மலைப்பாதை முழுக்க இறங்கியாக வேண்டும். பர்லியார் பக்கம் மண் சரிந்திருந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். இரண்டாவது முயற்சியே வேண்டாம் என்று எங்கேயாவது சொல்ல வேண்டுமென்றால் அது இந்த மலையில்தான்.

பத்து வருடத்துக்கு முன்னால் நடந்தது. இதே மலையில் ஓர் ஆஸ்பத்திரி, இரவு ஒன்றரை மணி. குடல்வால் வெடித்து வந்திருந்தார் ஓர் அம்மா, எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். குட்டைக் கழுத்து, துருத்திய முன்பற்கள். சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதல் தடவை குரல்வளை மூடியின் நுனி மட்டும் தெரிந்தது. தலையணையை மாற்றி, கழுத்தை வெளியிலிருந்து அழுத்தச் சொல்லி மறுபடி பார்த்தேன், அதேதான். மூன்றாவது தடவை, டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய குச்சியான பூஜியை உள்ளே விட்டேன், அது உணவுக்குழாய்க்குள் போய்விட்டது. சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம், இறங்க இறங்க மானிட்டரின் பீப் சத்தமும் சுருதி இறங்கும், தெரியுமா? திரையைப் பார்க்கவே வேண்டாம். 91, 84, 71. அந்தச் சத்தம் இன்றும் எனக்குக் கனவில் வருகிறது.

குரல்வளைக்கு மேலே உட்காரும் லாரிஞ்சியல் மாஸ்க் வைத்து சாச்சுரேஷனை மேலே கொண்டுவந்தோம். வீடியோ கருவி அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது. அலமாரியில் பூட்டியிருந்தது, சாவி வீட்டுக்குப் போயிருந்தது. சாவி வரும்வரை, வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே மூச்சுக் கொடுத்தேன். வந்ததும் ஒரே பார்வை. குரல்நாண் இரண்டும் வெள்ளையாக, பளிச்சென்று தெரிந்தன. டியூப் உடனே போய்விட்டது.

மறுநாள் வார்டுக்குப் போனேன். முன்பல் ஒன்று உடைந்திருந்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பல்லு முந்தியே ஆடிக்கிட்டுத்தான் டாக்டரம்மா இருந்துச்சு, நீங்க வருத்தப்படாதீங்க" என்றார். ஆடவில்லை. நான்தான் முந்தின இரவு தொட்டுப் பார்த்தவள்.

உடனே ஒருவர் வருவார், கிளீவ்லேண்ட் ஆய்வில் பல், தொண்டைக் காயங்களில் பெரிய வித்தியாசம் இல்லையே என்று. ஆமாம், இல்லை. நான் பல்லுக்காகப் பேசவில்லை. 71-க்காகப் பேசுகிறேன்.

"கைத்திறமை போய்விடும்" என்பதுதான் மேடையில் சொன்ன பெரிய காரணம். இதற்குப் பதில் கருவியிலேயே இருக்கிறது. மெக்கின்டாஷ் வடிவத்திலேயே வீடியோ பிளேடு வருகிறது. மாணவி நேராகக் கண்ணால் பார்த்துப் போடட்டும், ஆசிரியர் திரையில் பார்த்து, "கொஞ்சம் பின்னால் இழு, இப்போ தூக்கு" என்று சொல்லட்டும். நாங்கள் படித்தபோது எங்கள் ஆசிரியருக்கு எங்கள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. எது நல்ல பாடம்?

அதிகம் வளைந்த பிளேடில் குரல்நாண் அழகாகத் தெரிந்தும் டியூப் போகாமல் தடுமாறுவது உண்மைதான். டியூபுக்குள் வைக்கும் கம்பியான ஸ்டைலெட்டை அதே வளைவுக்கு வளைத்துக்கொள்ள வேண்டும், டியூபை நுழைக்கும்போது திரையைப் பார்க்காமல் வாயைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அண்ணத்தைக் கிழித்துவிடும். கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம்தான். மார்கழிக் குளிரில் லென்ஸில் ஆவி படிகிறது என்கிறார்கள். பிளேடை வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். விலை? இப்போது உள்நாட்டிலேயே குறைந்த விலையில் செய்கிறார்கள். லேப்ராஸ்கோப்பிக்குக் கேமரா வாங்கும்போது எந்த அறுவை மருத்துவரையும் சினிமா பார்க்க வந்தாயா என்று யாரும் கேட்கவில்லையே. வயிற்றுக்குள் பார்ப்பது முன்னேற்றம், தொண்டைக்குள் பார்ப்பது கையாலாகாத்தனமா?

"முப்பது வருடமாக இதெல்லாம் இல்லாமல்தான் போட்டோம்." போட்டீர்கள் சார். உங்களிடம்தான் நானும் கற்றேன், அந்த மரியாதை எனக்கு இன்றும் குறையவில்லை. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. அந்தப் பெண் தன் கை சரியில்லை என்று பயந்து கேட்கவில்லை. நோயாளிக்காகக் கேட்டாள். அன்றிரவு அந்த ஆஸ்பத்திரியில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று வெட்கப்பட்டுத்தான் மூன்று தடவை முயன்றேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மலையில் வேலை பார்க்கும் நண்பர்களே, இன்று இரவு டியூட்டிக்குப் போனதும் உங்கள் தியேட்டரில் அந்தக் கருவி எங்கே இருக்கிறது, சார்ஜ் இருக்கிறதா, சாவி யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.